முந்நூறு ராத்தல் இரும்பு

ஹாமர்ஸ்மித்தில் இருந்த ஜோசையா பென்ரிட்ஜின் பட்டறையில் ஆம்ப்ரோஸ் பெல்லை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘ராத்தல்’ என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். கார் பாடிக்குப் படம் போடுவது அவன் உத்தியோகம். ஆனால் அவன் கையில் பென்சிலைவிட ஒரு தொங்கு தராசைத்தான் அதிகம் பார்க்கலாம். தச்சர்கள் ஒரு சட்டத்தை அறுத்துக் கீழே வைத்தால் போதும், அதைக் கொக்கியில் மாட்டித் தூக்கிப் பார்ப்பான். உதட்டைப் பிதுக்குவான். “உள்பக்கமா இன்னும் கொஞ்சம் இழைச்சுடுங்களேன்” என்பான்.

“ராத்தல் வர்றாரு, வயித்தை எக்கிக்கோ. கண்ணுல பட்டுச்சுன்னா அதையும் இழைக்கச் சொல்லிடுவாரு” என்பார் தலைமைத் தச்சர் ஏபெல் ட்ரிக், பக்கத்திலிருக்கிற தொந்திக்காரரிடம். பட்டறையே சிரிக்கும். ஆம்ப்ரோஸும் சேர்ந்து சிரிப்பான், தராசை மட்டும் கீழே வைக்க மாட்டான்.

பென்ரிட்ஜ் பட்டறைக்கு வந்து சேரும்போது ஒரு கார் என்பது எஞ்சின், நாலு சக்கரம், ஸ்டீயரிங், இவற்றைத் தாங்கும் ஓர் இரும்புச் சட்டம், அவ்வளவுதான். அந்த சேஸின் மேல் மரமும் தகடும் கண்ணாடியும் தோலும் வைத்து ஒரு சின்ன வரவேற்பறையைக் கட்டி எழுப்புவது இவர்கள் வேலை. சேஸ் செய்கிற கம்பெனி ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தது. மேலே கட்டுகிற பாடி ஆயிரம் ராத்தலுக்கு, அதாவது ஆயிரம் பவுண்டு எடைக்கு, மேல் போகக் கூடாது. போனால் அச்சு முறியலாம், ஸ்பிரிங் உடையலாம், எல்லாவற்றையும்விட, இறக்கத்தில் பிரேக் தாங்காது. வாங்குகிற சீமான்களுக்கு இதெல்லாம் காதில் ஏறுமா? ஒருவருக்கு உள்ளே வெள்ளிப் பூச்சாடி வேண்டும். இன்னொருவருக்கு மடக்கு மேஜை. ஒரு சீமாட்டி கால் சூட்டுக்கு வெந்நீர்ப் பெட்டி கேட்டாள். அவர்கள் கேட்டு ஏற்றுகிற ஒவ்வொரு ராத்தலையும் வேறெங்கிருந்தாவது இறக்கியாக வேண்டும். வண்டிக்குள் இருக்கும் சின்ன அலமாரியின் முதுகுப் பலகையை அட்டை கனத்துக்கு இழைத்து, தரைப்பலகையின் அடியில் துளை போட்டு, தகட்டுக்கு அலுமினியம் வாங்கி, எப்படியோ ஆயிரத்துக்குள் கொண்டுவந்து நிறுத்துவான் ஆம்ப்ரோஸ்.

அந்த வெறி அவனுக்கு ஒரு பயத்திலிருந்து வந்தது. முன்பு வேறொரு பட்டறையில் இருந்தபோது, ஒரு மலைச்சரிவில் விழுந்து நொறுங்கிய காரின் மிச்சத்தை ஏற்றி வரும்படி அவனை அனுப்பினார்கள். பாடி கனத்தில் பின்னச்சு முறிந்திருந்தது. அவன் போய்ச் சேருவதற்கு முன்பே டிரைவரைப் புதைத்துவிட்டார்கள். ஆனால் அவனுடைய கையுறை ஒன்று ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அதை உரித்தெடுத்தது ஆம்ப்ரோஸின் கைதான்.

1912இல், லண்டன் துறைமுகத்தில் வேலைநிறுத்தம் நடந்த கோடையில், சர் லயனல் ஸ்ட்ரேக் பட்டறைக்கு வந்தார். கப்பல் முதலாளி. வேலைநிறுத்தக்காரர்களுக்கு ஒரு படிகூட இறங்கி வராதவர் என்று ஊரெல்லாம் பேச்சு. உயரமானவர், நல்ல உடுப்பு. ஆனால் நாற்காலியை ஜன்னலிலிருந்து தள்ளிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பேசும்போது கண் கதவிலேயே இருந்தது.

அவருக்காக நாலு பேர் உட்காரும் மூடிய காரை ஏற்கெனவே பாதி கட்டியிருந்தார்கள். கூரையைக்கூட ஆம்ப்ரோஸ் மெல்லிய மரக் கீற்றுகளால் பின்னி, மேலே கான்வாஸும் தோல்துணியும் இழுத்துக் கட்டி எடையைக் குறைத்திருந்தான். தராசு தொள்ளாயிரத்து எண்பது காட்டியது. அவனுக்குப் பெருமை.

“கதவுக்குள்ள இரும்புத் தகடு வைக்கணும்” என்றார் சர் லயனல். “கதவு, பின்பக்கம், டிரைவருக்கும் எங்களுக்கும் நடுவுல இருக்கிற தடுப்பு, எல்லாத்துலயும். ஜன்னலைக் கை நுழையற அளவுக்குச் சுருக்கிடுங்க. வெளியிலிருந்து பார்த்தா ஒண்ணும் தெரியக்கூடாது. என் மனைவிக்கும் தெரியக்கூடாது.”

பென்ரிட்ஜ் ஆம்ப்ரோஸைப் பார்த்தார். ஆம்ப்ரோஸ் மனக்கணக்குப் போட்டுவிட்டிருந்தான்.

“அது மட்டும் முந்நூறு ராத்தல் வரும் சார். வண்டி தாங்காது.”

சர் லயனல் சட்டைப்பையிலிருந்து எதையோ எடுத்து மேஜையில் வைத்தார். நசுங்கிய ஈயக் குண்டு.

“போன வருஷம் என் பழைய வண்டியோட விளக்குல இது பதிஞ்சிருந்தது. கல்லுன்னு என் மனைவிகிட்ட சொல்லியிருக்கேன்.” அவர் குரல் மெதுவாக இருந்தது. “உங்க வண்டி தாங்குமான்னு நீங்க பார்க்கிறீங்க. அடுத்த தடவை நான் தாங்குவேனான்னு நான் பார்க்கிறேன்.”

அவர் குண்டைப் பத்திரமாக மறுபடி பையில் வைத்துக்கொள்வதை ஆம்ப்ரோஸ் கவனித்தான். மனிதர் மேல் கோபம் வரவில்லை. அதுதான் அவனை இன்னும் கலங்கடித்தது.

அவர் போன பிறகு பென்ரிட்ஜிடம் சண்டை போட்டான். எழுதிக் காட்டினான், படம் போட்டுக் காட்டினான். “கால் பிரேக் கியர்பெட்டிக்குப் பின்னால, சக்கரத்துக்குப் போற ஷாஃப்ட்டைத்தான் பிடிக்குது சார். பெரிய இறக்கத்துல இந்தக் கனத்தைப் பிடிச்சா அது பழுக்கக் காயும். மேலே நம்ம தரைப்பலகை. மரம். அது மேலே அவங்க கால்.”

“தெரியுது ஆம்ப்ரோஸ், தெரியுது” என்றார் பென்ரிட்ஜ். அவர் கெட்டவர் இல்லை. அந்த வருஷம் ஆர்டர்கள் ஒவ்வொன்றாக நழுவிக்கொண்டிருந்தன. “முடியாதுன்னு சொன்னா அடுத்த தெரு பட்டறையில வச்சுக் கொடுப்பான். அப்போ கூரையை லேசாக்கறதுக்கு நீயும் இருக்க மாட்டே.”

சேஸ் கம்பெனியிலிருந்து எடை பார்க்கிற ஆள் வரும் நாளில் ஆம்ப்ரோஸை மரக்கிடங்குக்கு அனுப்பிவிட்டார் பென்ரிட்ஜ். மாலையில் திரும்பி வந்தபோது பாடியின் மேல் அனுமதி முத்திரை பளபளத்தது. ஏபெல் ட்ரிக்கும் இன்னும் மூன்று பேரும் தரையில் மண்டியிட்டு, கழற்றி வைத்திருந்த இரும்புத் தகடுகளைக் கதவுகளுக்குள் திரும்பவும் முடுக்கிக்கொண்டிருந்தார்கள். யாரும் கிண்டல் பண்ணவில்லை. ட்ரிக் நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

ஆம்ப்ரோஸ் நேரே பென்ரிட்ஜின் அறைக்குப் போனான்.

“நான் கம்பெனிக்குப் போய்ச் சொல்லிடப் போறேன் சார்.”

“சொல்லு. ஆனா ஒரு வாரம் பொறு. சர் லயனல் டெர்பிஷையர் மலைப்பக்கம் இருக்கிற வீட்டுக்கு இந்த வண்டியிலதான் போறாரு. கதவு உரசுதுன்னு சாக்குச் சொல்லி நீயும் கூடப் போ. அந்த மலையிலே வண்டி என்ன பாடு படுதுன்னு அவரு கண்ணால பார்க்கட்டும். அங்கேயே கழட்டிடச் சொல்லுவாரு. ஓட்டறவன் உன் மச்சினன்தானே?”

ஆமாம். ஓட்டுகிறவன் ஜெத்ரோ லாம். ஆம்ப்ரோஸின் மனைவி வின்னியின் தம்பி. சர் லயனலிடம் டிரைவர் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அந்தக் கையுறை ஆம்ப்ரோஸின் நினைவை விட்டுப் போகாததற்கு அதுவும் ஒரு காரணம்.

புறப்படுகிற காலையில் ஜெத்ரோவை ஓரமாக இழுத்துப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

ஜெத்ரோ தொப்பியைத் தள்ளித் தலையைச் சொறிந்தான். “அதான் நேத்து வண்டியை வெளியே எடுக்கிறப்போ கர்ப்பிணிப் பசு மாதிரி திரும்புச்சா! நான் என் கைதான் சோர்ந்துபோச்சுன்னு நினைச்சேன் மச்சான்.”

“விளையாடாதே. இறக்கம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே முதல் கியருக்கு வந்துடு. கால் பிரேக்கை நம்பாதே. கை பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமா…”

“அக்காகிட்ட சொல்லிட்டு வந்தியா?”

“இல்லை.”

“நல்லதாப் போச்சு. சொல்லியிருந்தா ரெண்டு பேரையும் அவளே அடிச்சுக் கொன்னிருப்பா. மலைக்கு வேலையே இருந்திருக்காது.” சிரித்தான். ஆனால் கையுறையை மாட்டும்போது இரண்டு முறை விரல் தப்பியது.

முதல் நாள் சமவெளி. ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் நாள் மதியத்துக்கு மேல் மலைப்பகுதியில் மழை பிடித்துக்கொண்டது. டிரைவர் உட்காரும் இடம் பக்கங்கள் திறந்தது. அவன் பக்கத்தில் ஆம்ப்ரோஸ் நனைந்துகொண்டிருப்பதைப் பார்த்த லேடி ஸ்ட்ரேக், பேசும் குழாயில் வண்டியை நிறுத்தச் சொன்னாள்.

“அந்த மனுஷன் உள்ளே வரட்டும். எங்களுக்கு எதிரே மடக்கு சீட் சும்மாத்தானே இருக்கு.”

ஆம்ப்ரோஸுக்கு உள்ளே போக மனமே இல்லை. கதவைத் திறக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. மூடும்போது அது தன் கனத்தில் தொங்கி, கீழே உரசி, கடைசியில் ஒரு பெட்டகம் மூடுகிற மாதிரி தொம்மென்று ஒலித்தது. உள்ளே அரையிருட்டு. சுருங்கிய ஜன்னல்களின் வழியே மழை ஒரு பட்டையாகத்தான் தெரிந்தது. அவன் வரைந்த அறைதான் அது. சாம்பல் நிறத் தோல், குதிரைமுடி மெத்தை, பட்டுக் குஞ்சம். ஆனால் மூச்சு முட்டியது.

லேடி ஸ்ட்ரேக் ஐம்பது வயதைத் தொட்டவள். சின்ன உருவம், கூர்மையான மூக்கு. “நீங்கதான் இதைப் படம் போட்டீங்களாமே” என்றாள். “ஒண்ணு கேக்கறேன். இந்தக் கதவை என்னால தள்ளவே முடியலையே, ஏன்? பொம்பளைங்க கை படற கதவு இல்லையா இது?”

சர் லயனல் மனைவியைப் பார்க்கவில்லை. ஆம்ப்ரோஸைத்தான் பார்த்தார். அவருடைய வலது கை கோட்டுப் பைக்குள் இருந்தது. புறப்பட்டதிலிருந்து அந்தக் கை வெளியே வரவில்லை என்பது அப்போதுதான் ஆம்ப்ரோஸுக்கு உறைத்தது.

“கீல் கொஞ்சம் இறங்கியிருக்கு மேடம். வீடு போய்ச் சேர்ந்ததும் பார்க்கிறேன்” என்றான்.

“கீலா? எங்க வீட்டுத் தேவாலயக் கதவுகூட இதைவிட லேசு.”

வண்டியின் மூக்கு மெல்லத் தாழ்ந்தது. இறக்கம் ஆரம்பித்துவிட்டது. எஞ்சின் உறுமல் கனத்தது. ஜெத்ரோ முதல் கியரில் இருக்கிறான். நல்ல பையன், என்று நினைத்துக்கொண்டான் ஆம்ப்ரோஸ். கையால் சீட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். பின் ஸ்பிரிங்குகள் முனகுவதை முதுகெலும்பில் உணர்ந்தான். ஒவ்வொரு பள்ளத்திலும் அந்த முந்நூறு ராத்தல் ஒரு கணம் தாமதித்து, பிறகு முழுதாக வந்து விழுந்தது.

பாதை ஒரு பக்கம் கல் சுவர், மறுபக்கம் பள்ளத்தாக்கு. கீழே எங்கோ கல்குவாரி ஒன்றின் புகை.

திடீரென்று கியர்பெட்டியிலிருந்து ஒரு கரகரப்பு. பிறகு எஞ்சின் சத்தம் லேசாகிவிட்டது. தூரத்துக்குப் போய்விட்ட மாதிரி. வண்டி தயங்கி, நழுவி, வேகம் பிடித்தது.

கனத்தின் அழுத்தத்தில் கியர் வெளியே துள்ளிவிட்டது. இந்த வேகத்தில் திரும்ப மாட்ட முடியாது. இனி பிரேக் மட்டும்தான்.

“ஏன் இவ்வளவு வேகம்?” என்றாள் லேடி ஸ்ட்ரேக்.

தடுப்பின் மேலிருந்த கண்ணாடிக் கீற்றின் வழியே ஜெத்ரோவின் பின்கழுத்து தெரிந்தது. அது விறைத்திருந்தது. அவன் கை பிரேக்கை முழுப் பலத்தோடு இழுப்பதும், காலை அழுத்துவதும் தோளின் அசைவில் தெரிந்தது. பின்சக்கரங்கள் ஈரத்தில் கிறீச்சிட்டன. பிறகு அந்த வாசனை வந்தது. எரிகிற எண்ணெய், தீய்கிற தோல். ஆம்ப்ரோஸின் காலணிக்கு அடியில் சூடு ஏறியது. கம்பளத்தின் ஓரத்தில் ஒரு நூல் புகை எழுந்து, பட்டுக் குஞ்சத்தைச் சுற்றியது.

“காலைத் தூக்கிக்குங்க மேடம்” என்றான்.

அவள் ஒரு வார்த்தை கேட்காமல் காலைத் தூக்கிக்கொண்டாள்.

“கெட்டியாப் பிடிச்சுக்குங்க!” குழாயில் ஜெத்ரோவின் குரல் பிளந்து வந்தது. “சுவத்துல தேய்க்கப் போறேன்!”

பிறகு எல்லாம் சத்தம்தான். கல்லும் அலுமினியமும் உரசிக் கிழிகிற சத்தம், கண்ணாடி நொறுங்குகிற சத்தம், ஒரு பெண்ணின் குரல். ஆம்ப்ரோஸ் சர் லயனலின் மடியில் போய் விழுந்தான். வண்டி ஒரு தரம் எகிறிச் சாய்ந்து நின்றது.

நின்றது. அவன் அதை நம்பச் சற்று நேரம் பிடித்தது.

ஒரு பக்கக் கதவு சுவரோடு ஒட்டிக் கிடந்தது. மறுபக்கக் கதவை அவன் தள்ளினான், தோளால் இடித்தான், காலால் உதைத்தான். சட்டம் முறுக்கிக்கொண்டதில் இரும்பு நிரம்பிய கதவு தன் கனத்தாலேயே நிலையில் இறுகிவிட்டது. கொஞ்சமும் அசையவில்லை. ஜன்னலில் கைதான் நுழையும். தரைப்பலகையின் இடுக்குகளில் இப்போது புகை இல்லை, சிவப்பு தெரிந்தது. பின் சீட்டுக்குக் கீழே பெட்ரோல் டாங்க் இருக்கிறது என்பது அங்கிருந்த மூன்று பேரில் அவனுக்கு மட்டும்தான் தெரியும். சொல்லவில்லை.

“ஜெத்ரோ!”

“இருக்கேன் மச்சான்! கை உடைஞ்சுபோச்சு! கதவு வரமாட்டேங்குது, வரவே மாட்டேங்குது!” வெளியே அவன் அழுதுகொண்டே கதவைப் பிடித்து இழுப்பது கேட்டது.

ஆம்ப்ரோஸ் கோட்டுப் பையைத் துழாவினான். பென்சில் சீவுகிற கத்தி. சீட்டின் மேல் ஏறி நின்று கூரையில் குத்தினான். பட்டுத்துணி கிழிந்தது. மேலே கான்வாஸ். மெல்லிய மரக் கீற்றுகளை முழங்கையால் முறித்தான். அவை சுள்ளிபோல் ஒடிந்தன. மழை முகத்தில் விழுந்தது. அவன் வாழ்நாளில் அப்படி ஒரு மழையை அனுபவித்ததில்லை.

“மேடம், நீங்க முதல்ல.”

அவள் எடை ஒரு குழந்தையின் எடைதான் இருந்தது. இடுப்பைப் பிடித்து உயர்த்தினான். பாவாடை ஒடிந்த மரமுனையில் மாட்டியது. அவளே அதைக் கிழித்துக்கொண்டு மேலே ஏறினாள். வெளியே ஜெத்ரோ அவளை நல்ல கையால் பிடித்து இறக்கினான்.

“இப்போ நீங்க சார்.”

சர் லயனல் அசையவில்லை. மூலையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆம்ப்ரோஸுக்கும் கேட்டது. ஆண்களின் கூச்சல். பல பேர். ஆணி அடித்த பூட்ஸுகள் கல்லில் ஓடிவருகிற சத்தம்.

“வந்துட்டாங்க” என்றார் சர் லயனல்.

ஜன்னல் கீற்றில் ஆம்ப்ரோஸ் பார்த்தான். கல்குவாரி ஆட்கள். மேலெல்லாம் சுண்ணாம்புத் தூசு, மழையில் கரைந்து ஒழுகியது. கையில் கடப்பாரை, சம்மட்டி. மேட்டில் ஏறி ஓடிவந்துகொண்டிருந்தார்கள்.

“நம்மளைக் காப்பாத்த வர்றாங்க சார்! குவாரிக்காரங்க!”

“கையில என்ன வச்சிருக்காங்க பார்.” அவர் கை கோட்டுப் பையிலிருந்து வெளியே வந்தது. அதில் ஒரு ரிவால்வர். “இங்கேதான் காத்திருந்திருக்காங்க. நான் வெளியே போகமாட்டேன். இது இரும்பு. அவங்களால உள்ளே வர முடியாது.”

“சார், கீழே எரியுது!”

அவர் கீழே பார்த்தார். தம் காலணியின் ஓரம் கருகுவதைப் பார்த்தார். அது அவருக்குப் பொருட்டாகவே படவில்லை. ஒரு வருஷமாக ஒரே ஒரு பயத்தை வைத்துக்கொண்டிருந்த மனிதரின் உள்ளே இன்னொரு பயத்துக்கு இடம் இல்லை. அந்த முகத்தைப் பார்த்தபோதுதான் ஆம்ப்ரோஸுக்கு உண்மையிலேயே பயம் பிடித்தது. தீயைவிட, டாங்கைவிட.

கூரைக் கிழிசலில் ஒரு தலை தோன்றியது. வெள்ளைப் புருவம், தாடி. “யாரு உள்ளே? கையைக் குடுங்கய்யா!”

ரிவால்வர் மேலே திரும்பியது. ஆம்ப்ரோஸ் அந்த மணிக்கட்டின் மேல் பாய்ந்தான்.

அந்தப் பெட்டிக்குள் வெடிச்சத்தம் உலகமே உடைந்த மாதிரி இருந்தது. குண்டு கதவுத் தகட்டில் பட்டது, தடுப்பில் பட்டது, மறுபடி எதிலோ பட்டது. டங், டங் என்று கோயில் மணிபோல. உள்ளே வரவிடாமல் தடுக்க வைத்த இரும்பு அதை வெளியேயும் விடவில்லை. ஆம்ப்ரோஸின் இடது காதைச் சூடாக ஏதோ கடித்தது. பிறகு எதுவும் கேட்கவில்லை.

தாடிக்காரர் ஓடியிருக்கலாம். ஓட நியாயம் இருந்தது. ஆனால் அவர் திரும்பிப் பார்த்து, வாயை அசைத்து, யாரையோ அதட்டினார். கடப்பாரையின் நுனி கதவின் விளிம்பில் நுழைந்தது. இன்னொன்று. நாலைந்து பேர் தொங்கி அழுத்தினார்கள். கீல்கள் பிய்ந்து கதவு அப்படியே சாலையில் விழுந்தது. கைகள் உள்ளே வந்தன. சர் லயனலின் கையிலிருந்து துப்பாக்கி அதற்குள் நழுவி விழுந்திருந்தது. பிள்ளை போல் அவர்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

எல்லோரும் சுவர் தாண்டி ஓடிப் படுத்த பிறகுதான் டாங்க் தீப்பிடித்தது. ஆம்ப்ரோஸுக்கு அது சத்தமில்லாத ஒரு மஞ்சள் பூவாகத்தான் தெரிந்தது. மரம், தோல், குதிரைமுடி, அவன் ராத்தல் ராத்தலாக இழைத்துச் சேர்த்ததெல்லாம் சீக்கிரமே எரிந்து தீர்ந்தது. நடுவில் கருத்த தகடுகள் மட்டும் எழுந்து நின்றன.

குவாரிக் கொட்டகையில் அடுப்பருகே அவர்களை உட்கார வைத்தார்கள். ஜெத்ரோவின் கையைப் பலகை வைத்துக் கட்டினார்கள். தாடிக்காரரின் பெயர் எனோக் ஸ்விண்டல். தகரக் குவளையில் தேநீர் ஊற்றி, சர் லயனலின் கையில் கொடுத்து, அது சிந்தாமல் தாமும் பிடித்துக்கொண்டார்.

“என்னையா சுடப் பார்த்தீரு?” என்றார், கோபமில்லாமல். வலது காதைத் திருப்பித்தான் ஆம்ப்ரோஸால் கேட்க முடிந்தது. “என் மாமியார்கூட இதுவரைக்கும் அந்த அளவுக்குப் போனதில்லை.”

கொட்டகையில் இரண்டு பேர் சிரித்தார்கள். சர் லயனல் குவளையைப் பார்த்தபடி இருந்தார். அப்புறம் அழுதார். சத்தமில்லாமல், வெகுநேரம்.

லேடி ஸ்ட்ரேக் ஆம்ப்ரோஸின் எதிரே வந்து நின்றாள். பாவாடை முழங்கால்வரை கிழிந்திருந்தது.

“கீல் இறங்கலை, இல்லையா?”

“இல்லை மேடம்.”

இரும்பைப் பற்றிச் சொன்னான். எடை பார்க்கிற நாளில் கழற்றி வைத்ததைச் சொன்னான். விளக்கில் பதிந்திருந்தது கல் இல்லை என்பதை மட்டும் அவன் சொல்லவில்லை. அது அவன் சொல்ல வேண்டியது இல்லை. சர் லயனலே சொன்னார்.

அவள் கணவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். “ஒரு வருஷமா ராத்திரியில நீங்க எழுந்து நடக்கிறப்போ, உங்களுக்கு வேற யாரோ இருக்கான்னு நினைச்சுட்டிருந்தேன், லயனல்” என்றாள். “பயத்தை என்கிட்ட சொல்லக்கூடாதா? அதுல பாதியை நான் பட்டிருப்பேனே.”

லண்டன் திரும்பியதும் ஆம்ப்ரோஸ் சேஸ் கம்பெனிக்குப் போகத் தயாரானான். பென்ரிட்ஜ் வாசலிலேயே தொப்பியோடு நின்றிருந்தார். “நீ போக வேண்டாம். நானே போறேன். நீ கூட வா, போதும்” என்றார். கம்பெனி ஒரு வருஷத்துக்கு அவருக்கு சேஸ் கொடுக்கவில்லை. பட்டறையில் பாதிப் பேர் போய்விட்டார்கள், ஏபெல் ட்ரிக் உட்பட. மீதிப் பேர் பால்வண்டிகளும் பிணவண்டிகளும் கட்டி ஒப்பேற்றினார்கள். தராசை ஆம்ப்ரோஸ் யாரிடமும் நீட்ட வேண்டியிருக்கவில்லை. தச்சர்களே சட்டத்தைத் தூக்கிக்கொண்டு அவனிடம் வந்தார்கள்.

ஜெத்ரோவின் கை கோணலாகவே ஒட்டியது. கார் ஓட்டுவதை விட்டுவிட்டு ஒரு ரயில்நிலையத்தில் பயணப்பெட்டிகளுக்குப் பொறுப்பாளன் ஆனான். வின்னி ஆறு மாதம் இருவரிடமும் சரியாகப் பேசவில்லை. “சொல்லாம போனீங்களே” என்பது ஒன்றுதான் அவள் குறை. விபத்தைப் பற்றி அவள் குறை சொல்லவே இல்லை.

ஆம்ப்ரோஸின் இடது காதுக்குக் கேட்கும் சக்தி திரும்ப வரவில்லை. அதைப் பற்றி அவன் அதிகம் கவலைப்படவில்லை. வேறொன்று அவனை விட்டுப் போகவில்லை. மூடிய வண்டியில் அவனால் உட்கார முடிவதில்லை. கதவு சாத்துகிற சத்தம் கேட்டால் கழுத்தில் வியர்வை கொட்டும். தான் கட்டின கார்களைச் சோதிக்கக்கூட, வண்டிப் படியில் நின்றுகொண்டு தலையை மட்டும் உள்ளே நீட்டுவான்.

குளிர்காலத்தில் வேலை முடிந்து வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸின் கீழ்த்தளத்தில் இடம் காலியாக இருக்கும். ஆம்ப்ரோஸ் படியேறி, திறந்த மேல்தளத்துக்குப் போய், ஈரப் பலகையில் உட்காருவான். மழை பெய்துகொண்டிருக்கும்.

“கீழே எடம் இருக்கே ஐயா!” என்று கண்டக்டர் கத்துவார்.

“தெரியும்” என்பான் ஆம்ப்ரோஸ், தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு.